ஓட்டமும் ஓடியவனும்

1

2024 ஏப்ரல் முழுவதும் லாஸ் ஏஞ்சல்ஸில் மகள் வீட்டில் இருந்தேன். தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்திலிருந்து கால்மணி நடை. பகலில் அவளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். பேச்சுத்துணை தேடித்தான் அந்த சலூனுக்குப் போக ஆரம்பித்தேன். முடி ஒரு சாக்கு; என் தலையில் கத்தரிக்கு அதிக வேலை கிடையாது. கடை ஒரு கறுப்பருடையது. சுவரோரம் ஏழெட்டு நாற்காலிகள். அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் அல்ல என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. நம்மூர் சலூனில் பேப்பர் படிக்க வந்து மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பவர்கள் இல்லையா, அந்த ரகம்.

அவர்களுடைய விவாதம் ஒன்றே ஒன்றுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் அணியில் இதுவரை ஓடியவர்களில் யார் ஆகப் பெரியவன்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடக் கூடாது என்பதில் அவர்கள் எல்லோரும் ஜாக்கிரதையாக இருந்ததாகத்தான் எனக்குப் பட்டது.

ஆட்டத்தைப் பற்றி நமக்கு வேண்டிய அளவுக்குச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை உதைப்பதில் இல்லை, ஓடுவதில். நூறு கஜ நீள மைதானம். எதிரில் பதினொரு பேர். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவே புகுந்து போகிறவனுக்கு ரன்னிங் பேக் என்று பெயர். தனக்கு முன்னால் தன் அணியின் கனத்த உடம்புக்காரர்கள் எதிராளிகளை மோதித் தள்ளித் திறந்துவிடும் சந்து ஒரு கணம்தான் இருக்கும். அந்தக் கணத்தில் அவன் அங்கே இருக்க வேண்டும். அவன் விழுகிற இடம்வரை எத்தனை கஜம் என்று எழுதிவைப்பார்கள். கூட்டல் புத்தகங்களில் ஏறும்.

அந்த அணிக்கு ரன்னிங் பேக்குகள் குலதனம் மாதிரி. 1965இல் மைக் காரட், 1968இல் ஓ. ஜே. சிம்ப்ஸன், 1979இல் சார்ல்ஸ் ஒய்ட், 1981இல் மார்க்கஸ் ஆலன், 2005இல் ரெஜ்ஜி புஷ். இந்த ஐந்து பேரும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரனுக்கு வருஷாவருஷம் கொடுக்கும் ஹைஸ்மன் பரிசை வாங்கியவர்கள். வாங்காமல் போனவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. நோட்டர்டேம் அணிக்கெதிராக 1972இல் ஒரே ஆட்டத்தில் ஆறு டச்டவுன் போட்ட ஆன்டனி டேவிஸ். 1976இல் ஒரே ஆட்டத்தில் 347 கஜம் ஓடி, எட்டு வருஷம் கழித்து இருபத்தொன்பது வயதில் நோயில் செத்துப்போன ரிக்கி பெல்.

சலூனில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சிக்காரர் உண்டு. கடைக்காரர் மார்க்கஸ் ஆலனின் ஆள். ஒரு இளைஞன், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்ப்பவன், புஷ்ஷுக்காக வாதாடுவான். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் உண்டு. அவர் யாருக்காகவும் வாதாடுவதில்லை. 1967 நவம்பர் 18ஆம் தேதி, பையனாக, அப்பாவோடு கொலீஸியம் மைதானத்தில் இருந்தவர் அவர் என்று மற்றவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள். கோயில் தேரில் வடம் பிடித்தவரைக் காட்டுவதுபோலக் காட்டினார்கள்.

அந்த ஏப்ரல் 10ஆம் தேதி ஓ. ஜே. சிம்ப்ஸன் இறந்தான். 24ஆம் தேதி ரெஜ்ஜி புஷ்ஷுக்கு ஹைஸ்மன் பரிசைத் திருப்பிக் கொடுத்தார்கள். நடுவில் இரண்டு வாரம். அந்த இரண்டு வாரப் பேச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதோடு சேர்ந்த என் சொந்த விஷயம் ஒன்றும் உண்டு.

2

பெரியவன் யார் என்ற கேள்வி முதலில் அளவைப் பற்றிய கேள்வி போலத் தோன்றுகிறது. அளந்து பார்த்தால் தீர்ந்துவிடும்; கஜம் என்பது எங்கும் மூன்று அடிதானே. ஆனால் இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்ததில் கஜம் ஒன்றல்ல என்று தெரிந்துகொண்டேன்.

மொத்தக் கூட்டலில் முதலிடம் சார்ல்ஸ் ஒய்ட்டுக்கு: 6,245 கஜம். அவன் ஓடியது நான்கு வருஷம். சிம்ப்ஸன் வேறொரு சின்னக் கல்லூரியிலிருந்து வந்து இரண்டே வருஷம் ஓடினான். முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆடலாம் என்ற விதி வந்ததே 1972இல்தான். ஆக, காலம் ஒருவனுக்கு நான்கு வருஷம் கொடுத்ததையும் இன்னொருவனுக்கு இரண்டு கொடுத்ததையும் கூட்டல் புத்தகம் திறமை என்று எழுதிக்கொள்கிறது. ஒரு பருவத்துக் கணக்கு எடுத்தால் மார்க்கஸ் ஆலன். 1981இல் 2,342 கஜம். கல்லூரி ஆட்டத்தில் ஒரே பருவத்தில் இரண்டாயிரத்தைத் தாண்டிய முதல் ஆள். ஓட்டம் ஒன்றுக்குச் சராசரி என்றால் ரெஜ்ஜி புஷ். 2005இல் ஒவ்வொரு தடவையும் 8.7 கஜம். ஆனால் அவன் பந்தை இன்னொருவனோடு பங்குபோட்டுக்கொண்டவன், களைக்காதவனுடைய சராசரி. சிம்ப்ஸன் 1968இல் 355 தடவை பந்தை வாங்கிக்கொண்டு மோதலுக்குள் போனவன். ஒரே ஆட்டத்தில் முப்பதாவது தடவை எழுந்து ஓடுகிறவனுடைய கஜமும் பத்தாவது தடவை ஓடுகிறவனுடைய கஜமும் ஒரே நீளம்தானா?

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. ஒய்ட்டின் 6,245இல் பருவம் முடிந்தபின் நடக்கும் பெரிய ஆட்டங்களில் ஓடியதும் சேர்ந்திருக்கிறது. தேசியச் சங்கத்தின் ஏட்டில் அவன் கணக்கு 5,598தான். 2002க்கு முன்பு நடந்த அந்த ஆட்டங்களைத் தனிமனிதர் கணக்கில் அவர்கள் சேர்ப்பதில்லை. 1980 ஜனவரி 1 அன்று ஒஹாயோ அணிக்கெதிராக ரோஸ் பௌல் ஆட்டத்தில் அவன் ஓடிய 247 கஜம், கடைசி நிமிஷங்களில் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்த அந்த ஓட்டங்கள், ஒரு ஏட்டில் இருக்கின்றன, இன்னொன்றில் இல்லை. அதற்கு முந்திய வருஷம் இதே ரோஸ் பௌலில் மிஷிகன் அணிக்கெதிராக அவன் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே பந்து கையிலிருந்து நழுவிவிட்டது. படச்சுருளில் தெளிவாகத் தெரிகிறது. நடுவர் டச்டவுன் என்று கையைத் தூக்கினார். 17க்கு 10 என்று ஜெயித்தார்கள். நடந்தது சில ஏடுகளில் இல்லை. நடக்காதது எல்லா ஏடுகளிலும் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், திரும்ப வருவேன்.

பட்டியல் என்றால் நமக்கு க.நா.சு. ஞாபகம் வராமல் போகாது. அவர் பெயர்களை வரிசைப்படுத்தினார். செல்லப்பா அலசிக் காட்டு என்றார். அந்தச் சண்டையில் நம்மில் பலர் இரண்டு பக்கமும் இருந்திருக்கிறோம். சலூனில் உட்கார்ந்தபோது அந்தச் சண்டையின் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று தேவைப்படுவதைப் பார்த்தேன். பட்டியல் போடாவிட்டால் அலசுவதற்கு யாருக்கும் ரோஷம் வராது. ஐந்து பெயரைச் சொன்னதும் ஆறாவது பெயருக்கு ஒருவர் எழுந்துவிடுகிறார்.

அப்படி எழுந்த பெயர்களில் எனக்குப் பிடித்தது ஸாம் கன்னிங்ஹாம். அவன் ஃபுல்பேக், அதாவது பெரும்பாலும் மற்றவன் ஓட வழி பண்ணிக்கொடுப்பவன். 1970 செப்டம்பரில் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்துக்கு இந்த அணி போயிற்று. எதிரே அலபாமா பல்கலைக்கழகம்; களத்தில் அத்தனை பேரும் வெள்ளையர். அன்று இந்தக் கறுப்பு இளைஞன் பன்னிரண்டே தடவை பந்தைத் தொட்டு 135 கஜம் ஓடினான். 42க்கு 21. தென் மாநிலங்களின் கல்லூரி ஆட்டத்தில் நிறத்தடை அன்றோடு ஒழிந்தது என்று கதை கட்டியிருக்கிறார்கள். கதை கொஞ்சம் மிகைதான்; அலபாமா ஏற்கனவே ஒரு கறுப்பு மாணவனைச் சேர்த்திருந்தது, முதலாண்டுக்காரன் ஆனதால் அவன் அன்று ஆடவில்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு ஓட்டங்களை எந்தக் கூட்டலில் எங்கே வைப்பது?

கடைக்காரர் இன்னொன்று சொன்னார். 1979இல் சார்ல்ஸ் ஒய்ட் ஹைஸ்மன் வாங்கியபோது அவனுக்கு முன்னால் ஃபுல்பேக்காக ஓடி எதிராளிகளை மோதிச் சாய்த்தவன் மார்க்கஸ் ஆலன். பிற்பாடு தானே ஹைஸ்மன் வாங்கப்போகிறவன் ஒரு பருவம் முழுக்க இன்னொருவனுடைய கஜங்களுக்காகத் தன் தோளைக் கொடுத்தான். “அந்தக் கஜங்களில் ஆலனுக்கு எத்தனை?” என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ஏடுகளில் அதற்குப் பத்தி இல்லை.

3

ஏப்ரல் 11, வியாழக்கிழமை காலை, சிம்ப்ஸன் இறந்த செய்தி வந்தது. நான் போனபோது கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, சத்தத்தைக் குறைத்திருந்தார்கள்.

அவனுடைய கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1994 ஜூனில் அவனுடைய முன்னாள் மனைவி நிக்கோல் பிரௌனும் ரான் கோல்ட்மன் என்ற இளைஞனும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். குற்ற வழக்கில் 1995 அக்டோபரில் ஜூரி அவனை விடுதலை செய்தது. 1997இல் சிவில் வழக்கில் வேறொரு ஜூரி அந்த மரணங்களுக்கு அவனே பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லி, மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. அந்தக் கடனுக்காக 1999இல் அவனுடைய ஹைஸ்மன் சிலை ஏலத்துக்குப் போயிற்று. 2008இல் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு கொள்ளை வழக்கில் தண்டனை பெற்று ஒன்பது வருஷம் சிறையில் இருந்தான்.

அன்றைக்குப் பட்டியலைத் திரும்ப ஆரம்பித்தவன் நூலகத்து இளைஞன். சிம்ப்ஸனை அவன் ஐந்தாவது இடத்தில்கூட வைக்கவில்லை. காரணம் கேட்டபோது அவன் சொன்னது: “அவனுக்கு முன்னால் ரான் யாரி இருந்தான். அந்த மாதிரி ஆட்கள் வழி திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓடியிருக்கலாம்.”

ரான் யாரி பெரிய ஆள்தான். 1968இல் தொழில்முறை அணிகள் ஆட்களைப் பொறுக்கியபோது நாட்டிலேயே முதலாவதாகப் பொறுக்கப்பட்டவன். ஆனால் 1968 பருவத்தில் அவன் கல்லூரியில் இல்லை. சிம்ப்ஸன் ஹைஸ்மன் வாங்கியது அவன் போனபிறகு. இளைஞனுக்கு இது தெரியாமல் இல்லை. என்னை அசைத்தது அவன் தகவல் பிழை அல்ல. அவன் சொல்ல விரும்பியது “அவன் கொலைகாரன், அவன் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன்” என்பது. அதைச் சொல்வதற்குப் பதில் “ஓட்டம் அப்படி ஒன்றும் பெரிதல்ல” என்றான். ஒழுக்கத் தீர்ப்பு ரசனைத் தீர்ப்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தது.

அந்தச் சட்டையை எனக்குத் தெரியும். நானே தைத்திருக்கிறேன்.

1980களின் நடுவில் நானும் இரண்டு நண்பர்களும் ஒரு பத்திரிகை நடத்திவந்தோம். முந்நூறு பிரதி. பத்து வருஷத்துப் புதுக்கவிதைகளிலிருந்து ஒரு தொகுப்புக் கொண்டுவரத் தீர்மானித்தபோது தேர்வை என்னிடம் விட்டார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு கவிஞர் இருந்தார். பெயர் வேண்டாம். மனைவியை அடிப்பவர். இது எங்களுக்குப் புதிய செய்தி அல்ல. நாங்கள் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறோம். அந்த அம்மாள் முழங்கைவரை புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு பரிமாறியிருக்கிறார். ராத்திரி பன்னிரண்டு மணிவரை அவர் கவிதைகளின் படிமங்களைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறோம். தொகுப்பு வந்த வருஷம் ஏதோ ஒரு சம்பவம், ஆஸ்பத்திரிவரை போயிற்று. நான் அவரைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. முன்னுரையில், பெயர் சொல்லாமல், ஆனால் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் யார் என்று தெரியும்படி, “படிமங்களில் இரவல் வாடை, மொழியில் இறுக்கமின்மை” என்று இரண்டு வரி எழுதினேன்.

பொய். அவருடைய மூன்று கவிதைகள் அந்தப் பத்து வருஷத்தில் எழுதப்பட்ட எதற்கும் குறைந்தவை அல்ல. இன்றும் எனக்கு மனப்பாடம்.

அப்போது இதை நேர்மையான காரியம் என்றே நினைத்தேன். ஒரு கொடுமைக்காரனுக்கு இடம் கொடுக்கவில்லை அல்லவா? ஆனால் நான் செய்தது என்ன? சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது: “இந்த மனிதர் தம் மனைவியை அடிக்கிறார், எங்களுக்குத் தெரியும், பல வருஷமாகத் தெரியும்.” அதைச் சொல்லத் துணிவில்லாமல் வேறு வாக்கியம் சொன்னேன். அவருடைய கவிதைகளுக்கு நான் செய்த அநியாயம் சிறிது. அந்த அம்மாளுக்குச் செய்தது பெரிது. அவர் பட்டது என் முன்னுரையில் மொழி இறுக்கமின்மை என்ற பெயரில் அச்சாயிற்று. ஒழுக்கத் தீர்ப்பைத் தன் பெயரில் சொல்லாதவன் அதைச் சொல்லவே இல்லை என்றுதான் அர்த்தம்.

4

24ஆம் தேதி புதன்கிழமை புஷ்ஷின் செய்தி வந்தபோது கடையில் ஒரே கும்மாளம்.

புஷ் செய்த குற்றம்: கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவனும் அவன் குடும்பமும், வருங்காலத்தில் அவனுக்கு ஏஜெண்டாக விரும்பியவர்களிடமிருந்து பணமும் குடியிருக்க வீடும் வாங்கிக்கொண்டது. ஆட்டக்காரன் மாணவன், உபகாரச் சம்பளத்துக்கு மேல் காசு தொடக் கூடாது என்பது அன்றைய விதி. 2010இல் தேசியச் சங்கம் தண்டித்தது. முப்பது உபகாரச் சம்பளங்கள் பறிபோயின. இரண்டு வருஷம் பருவ முடிவு ஆட்டங்களுக்குத் தடை. பல்கலைக்கழகம் அவனோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. பதினான்கு வெற்றிகள் ‘காலி’ செய்யப்பட்டன. எதிரணிக்கு அவற்றைக் கொடுக்கவும் இல்லை. அவை நடக்கவில்லை என்று ஆயிற்று, அவ்வளவுதான். அந்த செப்டம்பரில் புஷ் ஹைஸ்மன் பரிசை விட்டுக்கொடுத்தான். 2005க்கு நேரே ஏட்டில் வெற்றிடம்.

2005 நவம்பர் 19 அன்று ஃப்ரெஸ்னோ அணிக்கெதிராக ஒரே ராத்திரியில் ஓட்டம், பிடிப்பு, திருப்பி ஓடியது எல்லாமாக அவன் கடந்தது 513 கஜம். அந்த மைதானத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் கடைக்காரரும் ஒருவர். “நான் கத்தின கத்தலை எப்படிக் காலி பண்ணுவார்கள்?” என்றார். சிரித்தோம். ஆனால் தத்துவப் பேராசிரியர் எவரும் இதைவிடச் சரியாகக் கேட்டிருக்க முடியாது. ஒரு செயலைத் தண்டிக்கலாம், அதற்கான கௌரவத்தைப் பறிக்கலாம். அது நடக்கவில்லை என்று சொல்ல எந்தச் சங்கத்துக்கும் அதிகாரம் இல்லை. நான் முன்னுரையில் செய்ததை அவர்கள் ஏட்டில் செய்தார்கள்.

2021இலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று ஆகிவிட்டது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. 2005இல் பாவமாக இருந்தது இருபது வருஷத்தில் சம்பளப் பட்டியலாகிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இதே பல்கலைக்கழகத்தில் 1956இலும் காசு வாங்கிய விவகாரம் ஒன்று வெடித்தது. ஜான் ஆர்னெட் என்ற அருமையான ஓட்டக்காரனைக் கடைசிப் பருவத்தில் பாதி ஆட்டங்களுக்கு மேல் ஆடவிடவில்லை. பயிற்சியாளர் ஜான் மக்கேயிடம், சிம்ப்ஸனுக்கு இத்தனை தடவை பந்தைக் கொடுக்கிறீர்களே என்று கேட்டார்களாம். பந்து ஒன்றும் கனமில்லை, அவன் எந்தத் தொழிற்சங்கத்திலும் இல்லை என்று வேடிக்கையாகச் சொன்னார் அவர். இன்றும் அதை மேற்கோள் காட்டிச் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குள் எழுபது வருஷப் பொருளாதாரம் அடங்கியிருக்கிறது. மைதானம் நிறைந்தது, டிக்கெட் விற்றது, பயிற்சியாளருக்குச் சம்பளம் வந்தது. ஓடியவனுக்கு மட்டும் கஜம். 2023 ஜனவரியில் இறந்த சார்ல்ஸ் ஒய்ட் கடைசிக் காலத்தில் நினைவு மங்கிக் கிடந்தான். அந்தக் கஜங்கள் அவன் ஞாபகத்திலாவது மிஞ்சியிருந்தனவா?

இன்னொரு கணக்கும் இங்கேதான் வருகிறது. காசு வாங்கியவனுடைய பரிசு பதினான்கு வருஷம் பறிபோயிருந்தது. சிம்ப்ஸனுடைய 1968ஆம் வருஷத்துப் பரிசை யாரும் எந்த நாளும் ரத்து செய்யவில்லை. அது செத்த நாள்வரை அவன் பெயரிலேயே இருந்தது, இப்போதும் இருக்கிறது. விதியின் தர்க்கம் விளங்குகிறது: புஷ்ஷின் குற்றம் ஆட்டத்துக்குள், சிம்ப்ஸனுடையது ஆட்டத்துக்கு வெளியே, அதுவும் இருபத்தாறு வருஷம் கழித்து. தர்க்கம் விளங்கியபிறகும் வயிற்றில் ஏதோ புரட்டுகிறது. காசாளரின் நீதி இது. தன் கல்லாவைத் தொட்டவனைத்தான் அது திருடன் என்கிறது.

5

ஆக, என் கட்சி தயாராகிவிட்டது என்று நினைத்தேன். செயல் செயல்தான், செய்தவன் செய்தவன்தான். ஒன்றைக்கொண்டு மற்றொன்றைக் கழிக்கக் கூடாது. 1967இல் ஓடிய ஓட்டம் 1994ஆல் ஒரு கஜம்கூடக் குறையாது. 1994 அந்த ஓட்டத்தால் ஒரு சொட்டும் கழுவப்படாது. பட்டியல் மனிதனிடம் ஒற்றை எண்ணைக் கேட்கிறது; அதற்காகத்தான் நாம் கழித்தல் போடுகிறோம். கழிக்காதே, இரண்டையும் இரண்டாகச் சொல். இதை ஓரளவு நன்றாகவே என் ஆங்கிலத்தில் சலூனில் சொன்னேன். பெரியவர் தலையாட்டினார்.

மகனுக்கு முடிவெட்டக் கூட்டிவந்திருந்த ஒரு பெண்மணி, நாற்பது வயது இருக்கும், பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “நீங்கள் ரொம்பச் சுத்தமாகப் பிரித்துவிட்டீர்கள். அந்த ஓட்டம் மைதானத்தோடு நின்றுவிட்டதாக நினைக்கிறீர்களா? 1989இல் என்ன ஆயிற்று?”

1989 புத்தாண்டு அன்று நிக்கோல் போலீஸைக் கூப்பிட்டாள். சிம்ப்ஸன் அவளை அடித்திருந்தான். வழக்கு நடந்தது, குற்றத்தை மறுக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தான். சிறை இல்லை. அபராதம், சமூக சேவை, மனநல ஆலோசனை. அதே வருஷம் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அவனை ஆட்ட வர்ணனைக்கு எடுத்துக்கொண்டது.

“அவனை உள்ளே தள்ளாமல் வைத்தது எது? அந்த அறுபத்துநாலு கஜம்தான்,” என்றார் அந்தப் பெண்மணி. “நீங்கள் எல்லாம் இந்த நாற்காலிகளில் உட்கார்ந்து ‘பெரியவன், பெரியவன்’ என்று சொல்லிச் சொல்லிச் சேர்த்துவைத்த காசு அது. அவன் அதை எடுத்துச் செலவழித்தான். ஓட்டத்தைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. நீங்கள் அளக்கவில்லை, கும்பிடுகிறீர்கள்.”

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. படைப்பு வேறு படைப்பாளி வேறு என்பது நம் பத்திரிகைகளில் நாம் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டிருந்த சுவர். அவர் அதைத் தட்டிக் காட்டினார், உள்ளே கூடு. புகழ்ச்சி சும்மா கிடக்கும் பொருள் அல்ல. அது கைமாறுகிறது, ஒருவன் கையில் அதிகாரமாகிறது. அந்த அதிகாரம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டபின் என்ன செய்கிறது என்பதில் புகழ்ந்தவனுக்குப் பங்கு உண்டு. அந்தக் கவிஞரின் வீட்டில் ராத்திரி பன்னிரண்டுவரை நாங்கள் பேசிய பேச்சும் சமையலறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கும். வெளியே இத்தனை பேர் இவரைக் கொண்டாடும்போது தான் யாரிடம் போய் என்ன சொல்வது என்று அந்த அம்மாள் நினைத்திருக்க மாட்டாரா? எங்கள் ரசனைதான் அவர் வீட்டுக்குத் தாழ்ப்பாள்.

இதனால் பழையபடி ‘ஓட்டம் பெரிதல்ல’ என்ற பொய்க்குத் திரும்பிவிட முடியுமா? முடியாது. ஓட்டம் சாதாரணமானது என்றால் அது எப்படி அத்தனை பெரிய கேடயமாயிற்று என்பதே விளங்காமல் போய்விடும். ஓட்டத்தின் அழகை மறுப்பவன் அந்தக் குற்றத்தின் ஒரு பகுதியையே மறைக்கிறான். அழகு உண்மையாக இருந்ததால்தான் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவலட்சணமானவனுக்கு யார் கண்ணை மூடப்போகிறார்கள்?

அதனால் நான் என் வாக்கியத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டையும் இரண்டாகச் சொன்னால் போதாது. ஒரே மூச்சில், ஒரே இடத்தில் சொல்ல வேண்டும். ஓட்டத்தை மைதானத்திலும் அடியை நீதிமன்றத்திலும் சொல்வது என்று பங்கு பிரித்துக்கொண்டால் காரியம் பழையபடிதான் நடக்கும். சலூனில் சொல்ல வேண்டும். முன்னுரையில் சொல்ல வேண்டும்.

6

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் பெரியவரோடு நடந்தேன். எக்ஸ்போஸிஷன் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தைத் தாண்டினால் கொலீஸியம். 1923இல் திறந்தது, இரண்டு ஒலிம்பிக் பார்த்தது. வாசல் பூட்டியிருந்தது. கம்பி வழியே வளைவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவராகவே சொல்ல ஆரம்பித்தார். நான்காவது கால்பகுதி. 20க்கு 14 என்று பின்தங்கியிருக்கிறார்கள். அதே நகரத்தின் இன்னொரு பல்கலைக்கழகம் எதிரே. சிம்ப்ஸன் இடப்பக்கம் சந்தில் புகுந்து, வெளியே வந்து, மைதானத்தின் குறுக்கே வெட்டித் திரும்பி, அறுபத்துநாலு கஜம். அப்பா தம்மைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். அதுவரை தொட்டுக்கூடப் பேசாத அப்பா. 21க்கு 20.

“அவன் என்ன ஆனான் என்பது எனக்குத் தெரியும்,” என்றார். “அந்தப் பெண் என்ன ஆனாள் என்பதும் தெரியும். நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் கடையில் நான் யாருக்காகவும் பேசுவதில்லை.”

அவர் மௌனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது என் வழி அல்ல. எழுதுகிறவனுக்கு மௌனம் இன்னொரு முன்னுரை. ஊர் திரும்பியதும் பழைய தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். மறுபதிப்புப் போட ஒரு இளைஞர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மூன்று கவிதைகளைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். என் பழைய இரண்டு வரிகளை நீக்க வேண்டாம் என்றும் சொன்னேன். நடந்ததைக் காலி செய்ய எனக்கும் அதிகாரம் இல்லை. அவற்றின் கீழே புதிதாக இரண்டு வரி இருக்கும். ஒன்று, நான் எழுதியது பொய் என்பது. மற்றொன்று, அந்த வீட்டில் நடந்தது என்ன, அது எங்களுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்பது.

கவிஞர் இறந்துவிட்டார். அந்த அம்மாள் இருக்கிறார். இன்னொரு ஊரில், மகனோடு. அந்த இரண்டாவது வரியை அச்சிடலாமா என்று அவரைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை. கவிதைகளை நினைத்துப் போன் பண்ணத் தயங்குகிறேனா, அவரை நினைத்தா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.